புது வண்டியில் ஓட்டை

"ஏம்மா ஷெல்பி, மழை பெஞ்சா வண்டிக்குள்ளயே குளிச்சுக்கலாம்னா ஓட்டை போட்டே?"

தீயணைப்புத் தொண்டன் டட்லி இப்படிக் கேட்டதும் நிலைய வாசலே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை. நிலையத்துக்கு நிதி சேர்க்கிற பான்கேக் விருந்து. ஊர் முழுக்கத் தட்டும் கையுமாக நின்று கர்டிஸின் புது பிக்கப் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைவெளேர் கூரை. அதன் நட்டநடுவில் துளை. துளைக்கு மேலே ஒரு வயர்லெஸ் ஆன்டெனா.

கர்டிஸும் கான்சஸில் உள்ள எங்கள் ஊரின் தீயணைப்புத் தொண்டன்தான். சம்பளம் கிடையாது. சைரன் அடித்தால் சொந்த வண்டியில் ஓட வேண்டும். அந்தச் சொந்த வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவன் மனைவி ஷெல்பி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி சிரப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"காது குத்துற மாதிரி குத்தி வச்சிருக்கா, பாருங்க!" மாமியார் ஆர்லீன் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "என் பிள்ளை தான் குளிக்கிறானோ இல்லையோ, வண்டியைத் தினம் குளிப்பாட்டுவான். அதுல போயி..."

கர்டிஸ் வண்டியை நெருங்கினான். கையில் ஸ்பேனர் இருந்தது. நேற்று வண்டியைப் பார்த்ததிலிருந்து அவனுக்கும் ஷெல்பிக்கும் பேச்சில்லை.

"அந்தக் காந்தம் வச்ச ஆன்டெனாவே போதும்னு சொன்னேன்ல?" என்றான் இப்போது.

"இது அலுமினியக் கூரை. காந்தம் எங்க ஒட்டுச்சு?" ஷெல்பி தணிந்த குரலில் சொன்னாள். "அது சீட்டுல படுத்துக் கிடந்துச்சு. போன வாரம் தீயில தலைவர் வயர்லெஸ்ல உன் நம்பரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. வீட்டுல நாங்க கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தோம். நீ மட்டும் பதிலே சொல்லல."

"அதான் முழுசா வந்துட்டேன்ல?"

"அன்னிக்கு வந்தே."

அவன் வண்டியின் படியில் ஏறினான். ஸ்பேனரை ஆன்டெனாவின் அடியில் வைத்தான்.

"கழட்டுடா!" ஆர்லீன் கத்தினாள். "கழட்டி எறிஞ்சிட்டு ஒரு தகரத்தை வச்சு அடை! இன்னிக்கு விட்டா நாளைக்குக் கூரையில ஜன்னல் வைப்பா. பொண்டாட்டிக்கு இவ்வளவு இடம் கொடுப்பானா ஒருத்தன்?"

கர்டிஸின் கை நின்றது. முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"அம்மா! இது என் வண்டி. என் பொண்டாட்டி போட்ட ஓட்டை. நடுவுல நீ யாரு? அது அங்கயேதான் இருக்கும்!"

ஸ்பேனர் வண்டிக்குள் போய் விழுந்தது.

"எப்படியோ போ!" ஆர்லீன் உள்ளே போய்விட்டாள்.

அவள் அடுத்த பான்கேக்கைத் திருப்பிப் போடுவதற்குள் சைரன் அலறியது. ரயில் பாதையோரம் காய்ந்த புல்லில் தீ. தட்டுகள் கிடந்த இடத்தில் கிடக்க, ஆண்கள் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். பெண்கள் நிலையத்தின் வயர்லெஸ் பெட்டியைச் சுற்றிக் கூடினார்கள்.

கான்சஸ் காற்று யார் பேச்சைக் கேட்கும்? கொஞ்ச நேரத்தில் தலைவர் வெர்னானின் குரல் பதறியது.

"காத்து திரும்பிடுச்சு! எல்லாரும் கருகின தரைக்கு வந்துடுங்க, அங்கதான் இனி தீ பிடிக்காது! எல்லாரும்!"

ஒவ்வொரு நம்பராகப் பதில் வந்தது. டட்லியின் பதில் மட்டும் வேறு மாதிரி வந்தது.

"தலைவரே, என் வண்டி மணல்ல புதைஞ்சிடுச்சு. புகையில ஒண்ணும் தெரியல."

"பதினாலு! நீதான் அவனுக்குப் பக்கத்துல இருக்கே. கேக்குதா?"

பதினாலு, கர்டிஸ்.

பெட்டியில் கரகரப்பு மட்டும்தான்.

"பதினாலு!"

ஷெல்பி இறுக்கியதில் குழந்தை வீரிட்டது. ஆர்லீனின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பதினாலு பேசுறேன். கணீர்னு கேக்குது, தலைவரே. டட்லி வண்டி தெரியுது. ஆளைத் தூக்கிக்கிட்டு வரேன்."

பெண்கள் பெட்டியை இன்னும் நெருங்கினார்கள். மறுபடி அதே குரல்.

"பதினாலு. ரெண்டு பேரும் கருகின தரையில நிக்கிறோம். டட்லிக்கு மூச்சு வாங்குது. வாய் மட்டும் ஓயல."

நிலையத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல்!

வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பின. கரிபூசிய முகத்தோடு இறங்கிய டட்லி, அந்த வெள்ளைக் கூரையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தான்.

"ஷெல்பி, என் வண்டியிலயும் ஒரு ஓட்டை போட்டுக் கொடு தாயி. மழை பெஞ்சா பெஞ்சிட்டுப் போகட்டும்."

கர்டிஸ் எல்லார் முன்னாலும் வந்து நின்றான். கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

"நட்டநடுவுல... கச்சிதமா போட்டிருக்கே" என்றான். குழந்தையை வாங்கிக்கொண்டான்.

ஷெல்பி சமையலறைக்குள் போனாள். ஆர்லீன் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்காக ஊர் கூடுற இடத்துலயா இப்படித் திட்டுவீங்க, அத்தை?"

"பின்ன? நல்லாயிருக்குடான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கழட்டிப் போட்டிருப்பான். பால் குடிக்கிற நாள்லேர்ந்து அவன் அப்படித்தான். நான் எது சொன்னாலும் அதுக்கு நேரெதிர்."

ஷெல்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, உங்க பிள்ளை வர்றதுக்குள்ள அந்த ஸ்வெட்டரை உதறிடுங்க. நேத்து நீங்க ஓட்டை போட்டப்ப தெறிச்ச அலுமினியத் தூள் கையில இன்னும் மின்னுது."