அரண்மனையிலும் குறை

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டைக் காட்ட, மாப்பிள்ளையின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியாரை அழைத்துப் போனார் நளீம். வழியில் கல்முனைக் கண்காட்சி. ஹாஜியார் அங்கிருந்த வீஆர் (மெய்நிகர்) கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது காட்டிய பழைய அரண்மனைக்குள் நுழைந்துவிட்டார்.

"குசினி இருட்டு, அடுப்பே தெரியல்ல. தூணெல்லாம் இடத்தத் தின்னுது. கிணறு எங்க?"

"ஹாஜியார், அது ராசாட ஊடு!"

"ராசாண்டா என்ன? சீதனமெண்டா பாத்துத்தான் எடுக்கணும்."

அரண்மனைக்கே இந்தக் கதியென்றால், தன் இரண்டறை வீடு எந்த மூலைக்கு? நளீம் முந்திக்கொண்டார்.

"நம்மட ஊடு சின்னது ஹாஜியார். கடலுக்கு ரெண்டு மைல் தள்ளி, வயலோரம்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பாக்கத் தேவல்ல தம்பி. நாளக் குறிங்க."

"ஹாஜியார்?"

"மூத்தவனுக்குக் கடலோர மாடி ஊடுதான் வேணுமெண்டு அடம்பிடிச்சவன் நான். சுனாமி வந்த அண்டு, புருசனும் பொஞ்சாதியும் அதுக்குள்ளதான் இருந்தாங்க."