தலைகீழ் வசனம்

“யாரு பண்ண வேல இது?”

லீதியாள் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த நாலைந்து தையல் மெஷின்கள் நின்றன.

ஒரு மாத லீவு முடிந்து அன்றைக்குத்தான் ஷூ கம்பெனிக்கு வந்திருந்தாள். அவள் இடத்தில் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பழைய மெஷினில் அவள் ஒட்டி வைத்திருந்த பைபிள் வசன அட்டையைப் பேர்த்து எடுத்து, யாரோ புதுசில் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள்.

அது புத்தாண்டு ஆராதனையில் அவளுக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம். ஆற்றைக் கடந்தாலும் நான் கூடவே இருப்பேன், அது உன்னை மூழ்கடிக்காது என்று ஆண்டவர் சொன்னது. “பாலாத்துல முழங்கால் தண்ணியே இல்ல, உனக்கு இன்னாத்துக்குடி இந்த வசனம்?” என்று எதிர் மெஷின் மோகனா கிண்டல் செய்வாள். லீதியாள் சிரித்துக்கொண்டே அட்டையைத் தொட்டுவிட்டுத்தான் தைக்க உட்காருவாள்.

அப்புறம் நிஜமாகவே ஆறு வந்தது. பைக்கில் போன அவள் புருஷன் அன்பரசனை ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்து பாகாயம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். கால்கள் இரண்டும் அசையவில்லை. நடப்பாரா என்று கேட்டால், “பொறுத்துப் பாக்கலாம்மா” என்கிறார் டாக்டர். நாத்தனாரை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் அந்த வசனத்தைத்தான் சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டாள். நாளாக நாளாக அது வாயில் வரவில்லை. ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் அழுகைதான் வந்தது. அந்த அட்டையை இன்னொரு தடவை தொட்டால் பழைய தெம்பு வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அதை நம்பித்தான் இன்று பஸ் ஏறினாள்.

வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

“ஆண்டவரே சொன்னத திருப்பிட்டாரு போல” என்றாள் லீதியாள்.

“ஆண்டவர ஏன் சொல்றே? பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு, பாரு” என்று மோகனா கண்ணைக் காட்டினாள்.

பக்கத்து மெஷின் முனவ்வர் பேகம். சாயங்காலமானால் பஸ் ஸ்டாப்பில், “லீதியா, இது மாதனூர் பஸ்ஸா பாரு” என்று கேட்டுத்தான் ஏறுவாள். ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்குப் பஸ் போர்டு மட்டும் தெரியாதாக்கும் என்று லீதியாள் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

“அக்கா, இத நீங்களா ஒட்டினீங்க?”

“ஆமா லீதியா.” முனவ்வர் பேகம் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் லீதியாளால் தாங்க முடியவில்லை.

“உங்க சாமிய நான் என்னிக்காவது ஒரு வார்த்த பேசியிருக்கேனா? எங்க வசனம் உங்களுக்கு வெளையாட்டா? எம் புருஷன் விழுந்து கெடக்கறது சிரிப்பா இருக்குதா?”

முனவ்வர் பேகத்தின் முகம் சுருங்கிப் போனது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

“அங்க இன்னாம்மா கூட்டம்? லைன் ஓடட்டும்” என்று சூப்பர்வைசர் துரைசாமி குரல் கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

லீதியாள் கத்தரிக்கோலை எடுத்தாள். இனி இந்த அட்டை இருந்தால் என்ன, போனால் என்ன? முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினாள்.

“ஐயோ, அதப் பேக்காதம்மா!” எண்ணெய் விட வந்த மெக்கானிக் ஆபித் பாஷா பதறினார். “போன வாரம் பழைய மெஷின லாரில ஏத்த வந்தாங்க. இந்தம்மா ஏத்தவே விடல. நீ ஷூ பசையில ஒட்டியிருந்தியா, லேசுல வரல. சாப்பாட்டு நேரம் பூரா தின்னர் தொட்டுத் தொட்டு, கிழியாம நகத்தாலயே எடுத்துச்சி. நகம் பிச்சிக்கினு ரத்தம் வந்திருச்சி.”

லீதியாள் திரும்பிப் பார்த்தாள். தோலை ஊசிக்குள் தள்ளிக்கொண்டிருந்த முனவ்வர் பேகத்தின் விரலில் துணி சுற்றியிருந்தது. சற்று முன் பேசியதை நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்துட்டு, ஏன்க்கா தலகீழா ஒட்டினீங்க?”

முனவ்வர் பேகம் திடுக்கிட்டு அட்டையைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

“தலகீழாவா இருக்குது? அல்லா!” என்றாள், மோகனாவுக்குக் கேட்காத குரலில். “எனக்கு உருது எழுத்துதான் தெரியும் லீதியா. தமிழ் பேசத்தான் வரும். வெளிய சொல்லிக்க வெக்கமா இருக்குது.”

லீதியாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“நீ லீவுல போனதுலேர்ந்து தெனமும் காலைல உனக்கு பதிலா நான்தான் அத தொட்டு, உன் வீட்டுக்காரருக்காக துவா கேட்டுட்டு வேலைக்கு உக்காருவேன்.” அவள் கண் கலங்கியது. “தலகீழா இருக்கறப்போ தொட்டா பலிக்காதா?”

துணி சுற்றிய அந்த விரலை லீதியாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அப்படி இன்னாதான் எழுதியிருக்குது அதுல?” என்று கேட்டாள் முனவ்வர் பேகம்.

இத்தனை நாளாக வாயில் வராமல் நின்ற வசனம் லீதியாளுக்கு அப்போதுதான் வந்தது.

“கூடவே இருப்பேன்னு எழுதியிருக்குதுக்கா.”