உப்புநீர் வெள்ளரி

உல்லாசக் கப்பலில் சுற்றிவிட்டுத் தூத்துக்குடியில் இறங்கிய ஜெனோவாவின் பையைச் சுங்கத்துறை இயந்திரம் சோதித்தது. சோழி மாலைகளை விட்டுவிட்டது. வெள்ளரிக்காய்களைக் கண்டதும் அலறியது.

"மிதவைப் பண்ணைல வெளைஞ்சதாம்மா? விதை இருக்கும். ஊருக்குள்ள கொண்டுபோக விட மாட்டாங்க, எரிக்கத்தான் செய்யணும்," என்றாள் அதிகாரி.

கப்பல் வழியில் நின்ற, நடுக்கடலில் மிதக்கும் அந்தப் பண்ணையில், கடல்நீரையே பாய்ச்சி அவற்றை விளைவித்தவள் ஜெனோவாவின் மகள். பெண்பிள்ளையைத் தனியாகக் கடலுக்கு அனுப்பிவிட்டதாகத் தெருவில் பேசாத வாய் இல்லை. அவர்களுக்குக் காட்டத்தான் ஜெனோவா ஆசையாகக் கொண்டுவந்திருந்தாள்.

"இங்கனயே தின்னா?"

அதிகாரி யோசித்தாள். "அதுக்குத் தடை இல்ல."

ஜெனோவா படக் படக்கென்று காய்களை ஒடித்தாள். பின்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தாள். அதிகாரிக்கும் ஒன்று நீட்டினாள்.

கடித்ததும் அதிகாரியின் கண்கள் விரிந்தன. "கரிப்பே இல்லையே! இனிக்கில்லா செய்யுது! யாரும்மா இதை வெளைய வச்சது?"

தெருவுக்குக் கொண்டுபோக ஒரு காய்கூட மிஞ்சவில்லை. ஜெனோவாவுக்கு அந்தக் கவலையும் இல்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எம் மவ, ரெக்சலின்!"