ராகுகாலத்தில் திறந்த லாச்சி

"இஞ்சருங்கோ, உங்கடை வெள்ளைக்காரன் என்ரை தாலிக்கொடியை விழுங்கிப்போட்டு நிக்கிறான்!"

புஷ்பமலர் போட்ட சத்தத்தில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி ஒருமுறை குலுங்கி நின்றது.

வெள்ளைக்காரன் என்று அவர் சொன்னது வரவேற்பறையில் நின்ற பழைய இங்கிலாந்து அலுமாரியை. கீழே இழுத்துத் திறக்கும் பெரிய லாச்சிகள். நடுவில் சரிவாக ஒரு பலகை. இரண்டு பக்கமும் கட்டைக் கைகளை வெளியே இழுத்து, பலகையை அவற்றின் மேல் சாய்த்தால் எழுதும் மேசை. மேலே கண்ணாடிக் கதவு போட்ட புத்தகத் தட்டுகள். ஒஸ்லோவில் ஒரு பழம்பொருள் கடையில் அது தலையாட்டித் தன்னைக் கூப்பிட்டதாகக் கணவர் பாலேந்திரன் சொல்வார். ஆறு பேர் பிடித்து மாடிக்கு ஏற்றி, ஆறு பேருக்கும் முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான், மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாகக் கழன்று வரும் என்பது தெரிந்தது.

"ஆர் உம்மை அதுக்குள்ளை வைக்கச் சொன்னது?"

"எங்கடை றோட்டிலை ரெண்டு வீட்டிலை நகை களவு போச்சு. தூசி துடைக்கேக்கை கள்ள லாச்சி ஒண்டு தானாத் திறந்துது, வைச்சன். மூடினாப் பிறகு அது எங்கை எண்டே தெரியேல்லை!"

ஆறு மணிக்கு மகள் ஆரணியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"மாப்பிள்ளையின்ரை தாய் எல்லாத்தையும் உத்துப் பாக்கிற மனுசி. கழுத்திலை கொடி இல்லாமல் நிண்டா, 'புருசனோடை கோபமோ' எண்டு கேட்டிட்டு வந்த வழியே போயிடுவா."

பாலேந்திரன் அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கதைத்துவிட்டு வந்தார். "பதறாதையும். கடைக்காரன் தமிழ்ப் பெடியன் ஒருத்தனை அனுப்புறன் எண்டவன். உந்தச் சாமானெல்லாம் திருத்துறவனாம்."

ஐந்து மணிபோல் அழைப்பு மணி அடித்தது.

"ஐயோ, மாப்பிள்ளை வீட்டுக்காரரோ?"

"விசரே உமக்கு? ராகுகாலத்திலை ஆர் பொம்பிளை பாக்க வருவினம்?"

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். யாழ்ப்பாணத்து ராகு ஒஸ்லோ மணிக்கூட்டுக்குக் கட்டுப்படுவாரா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ராகுவும் ஒன்றும் சொன்னதில்லை.

வாசலில் ஓர் இளைஞன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"வணக்கம் அங்கிள். நான் கொஞ்சம் வெள்ளனவா... ஒரு அவசரம்..."

"எங்களுக்கு அதைவிட அவசரம்!" என்று புஷ்பமலர் இடையில் புகுந்தார். "சப்பாத்தைக் கழட்டும் தம்பி. உதுதான் அலுமாரி. உள்ளை தாலிக்கொடி."

"இல்லை அன்ரி, முதல் டொய்லெட்..."

"முதல் தாலி. பிறகு டொய்லெட்."

அவன் அன்ரியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அலுமாரியைப் பார்த்தான்.

"நீட்டு அகப்பை ஒண்டு தாங்கோ."

சரிந்த பலகையைத் திறந்து, கடிதம் வைக்கும் சின்னப் பொந்து ஒன்றுக்குள் அகப்பைக் காம்பை விட்டான். முட்டிய இடத்தில் பெருவிரலை வைத்து, வெளிப்பக்கம் பிடித்துப் பார்த்தான்.

"வெளியிலை இருக்கிற நீளம் உள்ளை இல்லை. பின்னாலை ஒரு சாண் காணேல்லை."

பொந்துகளின் நடுவே ஒரு குட்டிக் கதவு. அதன் இரு பக்கமும் அலங்காரத் தூண்கள். கதவுக்குள் விரலை விட்டு எதையோ அழுத்தினான். இடது தூண் முன்னால் நழுவி வந்தது. தூண் இல்லை, பெட்டி.

"என்ரை மவுத் ஓர்கன்!" பாலேந்திரன் கத்தினார். "நான் பஸ்ஸிலை துலைச்சுப்போட்டன் எண்டெல்லோ சொன்னனீர்!"

"உங்கடை ஊதல் நிண்டாப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பாத்துச் சிரிக்கினம்."

வலது தூணுக்குள் மஸ்கற் அல்வாத் துண்டுகள்.

"சீனி வருத்தக்காரன்ரை வேலையைப் பாருங்கோ!"

"அது வாற ஆக்களுக்கு."

"எல்லாத்திலையும் பாதி கடிச்சிருக்கு."

அந்த நேரம் ஆரணி, சேலை கட்டி முடிந்தும் முடியாமலும், அறைக் கதவைத் திறந்தாள். வந்தவனைப் பார்த்தாள். மூடினாள்.

அவன் பொந்து வரிசையை அப்படியே முன்னுக்கு இழுத்தான். பின்னால் ஒரு கட்டுப் படங்கள்.

"மூலையிலை மஞ்சள் பூசி வந்த மாப்பிள்ளைப் படங்கள்! ஒண்டையும் காணேல்லை எண்டவள் ஆரணி!" என்றார் புஷ்பமலர்.

ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் ஆரணி கொம்பும் வாலும் வரைந்திருந்தாள். கடைசிப் படத்துக்கு மட்டும் ராசாக் கிரீடம், முறுக்கு மீசை, முகம் தெரியாதபடி ரோசாப்பூ.

"இது ஆர்?"

"இண்டைக்கு வாறவர், கடைசியா வந்த படம். கடிதத்தை உடைச்சவள் அவள், நாங்களே இன்னும் முகம் பாக்கேல்லை. இனி உதிலை பாத்தும் பிரயோசனமில்லை."

"இவருக்கு மட்டும் கொம்பில்லை..."

அவன் அந்தப் படத்தை இன்னொருமுறை பார்த்தான். அடுத்த கணம் குட்டிக் கதவின் அடிப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினான். பலகை நகர்ந்தது, கீழே தாலிக்கொடி மினுங்கியது.

புஷ்பமலர் அதைக் கழுத்தில் போட்டபடியே, விருந்தாளிகளுக்குப் பொரித்த றோல்ஸில் ஒரு பார்சலை அவன் கையில் திணித்தார்.

"நல்லா இருப்பீர் தம்பி! அவை வர முன்னம் ஓடும்!"

"அன்ரி, டொய்லெட்..."

கதவு சாத்தப்பட்டது.

சரியாக ஆறு மணிக்கு மறுபடி மணி அடித்தது. பட்டுச்சேலையில் மாப்பிள்ளையின் தாய், பழத்தட்டோடு தகப்பன், அவர்களுக்குப் பின்னால் றோல்ஸ் பார்சலோடு அதே இளைஞன்.

"இவன்தான் எங்கடை தினேஸ். ஸ்வீடன் எல்லையிலை சுங்கத்திலை வேலை, லொறியளுக்குள்ளை ஒளிச்சு வாறதெல்லாம் பிடிக்கிறவன்," என்றார் தாய். "ராகுகாலம் முடியுமட்டும் கார்லை இரு எண்டு சொல்லியும் கேக்காமல், அவசரமெண்டு மேலை ஓடிவந்தவன். டேய், நீ ஏதும் கேக்கிறதெண்டாக் கேள்."

"ஒளிச்சதெல்லாம் பாத்திட்டன் அம்மா, எனக்குச் சம்மதம்," என்ற தினேஸ், கால் மாற்றிக்கொண்டே பாலேந்திரன் பக்கம் திரும்பினான். "மாமா, இப்பவாவது டொய்லெட் எங்கை எண்டு காட்டுங்கோ."