பந்து விழுவதற்கு முன்

பெரிய கோல்ஃப் போட்டி அது. பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றை ஒட்டிய புல்லில் ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மைனா. ஒரு போட்டி விடாமல் பார்க்கிற மைனா.

சாம்பியன் குழியருகே வந்து நின்றதும் ஒருவர் ‘அமைதி’ என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் அப்படியே உறைந்தது. முன்வரிசைக்காரர் ஒருவரின் பூட்ஸ் முட்டைகளை உரசிக்கொண்டு நின்றது.

“கத்திடாதே அக்கா! அவர் அடிக்கிறப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் இங்க மரியாதை,” என்று மைனா கிசுகிசுத்தது.

“பந்து குழிக்குள்ள விழுந்துட்டா?”

“எல்லாரும் குதிப்பாங்க. அதுதானே அழகே!”

குருவி பூட்ஸைப் பார்த்தது. சாம்பியன் மட்டையை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். குருவி தொண்டை கிழியக் கத்தியது.

பந்து குழியைத் தாண்டி ஓடியது. கூட்டம் மொத்தமும் குருவியை முறைத்தது. பூட்ஸ்காரரும் முறைக்கத்தான் குனிந்தார். முட்டைகளைக் கண்டு பதறி விலகினார்.

“மானத்தை வாங்கிட்டியே அக்கா! உன்கூட இனி யாரு உட்காருவா?” என்றது மைனா.

குருவி முட்டைகள்மேல் நிதானமாக அமர்ந்து சிறகை ஒடுக்கிக்கொண்டது.

“இப்ப அடிக்கச் சொல்லு,” என்றது.