நூறு வாட் பாவம்

நல்லசிவம் அந்த ஜன்னல் கம்பிகளுக்குள் கையை விட்டபோது தெருவில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்து, காரியத்தை முடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

திருடவில்லை. லைட்டைத்தான் அணைத்தார். கோவில்பட்டியில் மின்சார ஆபீஸ் உத்தியோகம். அதுவும் எழுபத்தைந்தாம் வருஷத்துக் கரண்ட் பஞ்சம். பட்டப்பகலில் பல்பு எரிந்தால் மனுஷருக்குப் பொறுக்குமா?

மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், தெருவோர வீட்டுக் கூடத்தில் நூறு வாட் பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. அதற்கு நேர் கீழே கட்டிலில் ஒரு பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். ஸ்விட்சோ ஜன்னலை ஒட்டியே இருந்தது.

காலையில் ஓட்டலில் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, அந்த ஊர் வழக்கப்படி மூலிகைக் கட்டை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் சிவப்பாக வந்தது. சாயா என்று நினைத்துச் சர்க்கரை கேட்டு அசடு வழிந்திருந்தார். இப்போது அந்த ஊருக்கே புத்தி சொன்ன திருப்தியோடு, படகுத்துறை டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

கடைக்கார வெங்கிட்டு பாலக்காட்டுத் தமிழர்.

"என்ன சாமி, உங்க ஊர்ல கரண்டுக்கு மதிப்பே இல்லையா? மணிக்கூண்டுத் தெருவுல, நீல ஜன்னல் வீட்ல பகல்ல லைட்டு எரியுது. நான்தான் அணைச்சிட்டு வாரேன்."

வெங்கிட்டு சாயா ஆற்றுவதை நிறுத்தினார். "ஐயையோ! ஐசக் முதலாளி ஆத்துலயா? என்ன காரியம் பண்ணினேள்! அவா யூதாளாக்கும். இன்னிக்கு சனியாழ்ச்சை, அவாளோட ஓய்வு நாள். நேத்து அந்தியிலேந்து இன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஸ்விட்சைத் தொடப்படாது. போடுன்னு அடுத்தவாகிட்ட சொல்லவும் படாது."

"வீட்ல வேற ஆளு...?"

"ஒண்டிக்கட்டை. மழை வேற இருட்டிண்டு வரது, பகவானே!"

நல்லசிவம் வந்த சாயாவைத் தொடவில்லை. இருட்டில் தட்டுத் தடுமாறி அந்தக் கிழவர் எங்காவது விழுந்து வைத்தால்?

எர்ணாகுளம் போட் கிளம்ப மணி அடித்தது. அதை விட்டால் சாயங்கால ரயிலும் போச்சு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மழையில் வந்த வழியே திரும்பி ஓடினார்.

"கூறுகெட்ட பயலே, அடுத்த வீட்டு ஸ்விட்சு உனக்கு எதுக்குலே?" என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

வீடு இருண்டு கிடந்தது. ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினார். பளிச்சென்று வெளிச்சம் வந்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

கட்டிலில் இருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க ஐயா. விவரம் தெரியாம..."

"நேத்து அணைக்க மறந்து போச்சு," என்று கண்ணைக் கசக்கியபடி, மலையாளம் கலந்த தமிழில் முனகினார் பெரியவர். "ராத்திரி முழுக்க ஒரு பொட்டு உறக்கமில்லா. இப்பத்தான் தெய்வம் போல ஒருத்தன் வந்து அணைச்சான்..."

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"எந்தப் பாவிடா நீ?"