குறை சொல்லுங்க, மாமா

"மாமா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். ஒரே ஒரு குறை சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. பிரமாதமா இருக்கு."

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. இதே மனுஷர்தான் காலையில் காப்பியில் சூடு இல்லை என்றார். துணி மடித்ததில் கோணல் என்றார். புதுத் திரைச்சீலை ஒரு பக்கம் விரலளவு இறங்கியிருக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறி அளந்தே காட்டினார்.

பாத்திரத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், கண்ணுக்குத் தெரியாத கீறலும் மாட்டிக்கொள்ளும். அங்கே அவருக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட்'. ஓய்வு பெற்றபோது வேலையைத்தான் விட்டார், பழக்கத்தை விடவில்லை.

அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. இந்த வருடத்துக்குள் தகவல் தொழில்நுட்பத்தில் முதுகலைப் பட்டம் வாங்காவிட்டால் வேலை போய்விடும். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்து, எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். மிச்சம் ஒரே ஒரு நிபந்தனை. சொந்தமாக ஒரு செயலி செய்ய வேண்டும். அதை யாராவது ஒருவர் செமஸ்டர் முழுக்கப் பயன்படுத்திக் குறை சொல்ல வேண்டும். அந்தக் குறையை அவள் திருத்திக் காட்ட வேண்டும்.

குறை சொல்ல ஆள் தேவை என்றதும் அவள் சிரித்தேவிட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு யாராவது நெய்க்கு அலைவார்களா?

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றை எழுதி மாமனாரின் போனில் போட்டுக் கொடுத்தாள்.

"நான் சொல்ற குறையை யாரு பார்ப்பாங்க?" என்று அன்றைக்கே கேட்டார்.

"யுனிவர்சிட்டியில பார்ப்பாங்க மாமா. அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"ஓஹோ" என்றார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

இன்று மதியம் பேராசிரியை போனில் பிடித்துக்கொண்டார். "குறையே இல்லாத ஆப் உலகத்துல கிடையாதும்மா. குறை வரலைன்னா அவர் அதைத் தொடவே இல்லைன்னு அர்த்தம். இந்த வாரத்துக்குள்ள குறையும் வரணும், திருத்தமும் வரணும். இல்லேன்னா பட்டம் அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் பட்டம் இருக்கும், வேலை இருக்காது.

மாமனாரிடம் கெஞ்சியும் பலிக்காமல் அவள் கூடத்துக்கு வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "நான் செய்யறது எல்லாமே உங்கப்பாவுக்குக் குறை. எனக்குத் தேவைப்படும்போது மட்டும் பிரமாதம். மருமக மேல வந்துடக் கூடாதுன்னு நினைக்கிறாரு. வேற என்ன?"

"சொன்னாலும் தப்பு, சொல்லலேன்னாலும் தப்பா?" என்றான் கணவன், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. அவனுக்கு அதுதான் பாதுகாப்பான இடம்.

அப்போது உள்ளறையில் மாமனாரின் தலையணைக்கு அடியில் ஏதோ வீறிட்டது. அவள் உள்ளே போவதற்குள் அவர் அவசரமாகத் தலையணை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாமா சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

தலையணை மறுபடியும் வீறிட்டது. அவள் கையை விட்டுப் போனை உருவினாள். 'காலை மாத்திரையை மறந்துவிட்டீர்களா?' என்று செயலி கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே சாயங்கால வெயில்.

"காலையில நீங்க போட்டுட்டீங்களே. இப்ப எதுக்கு அடிக்குது? தினமுமா இப்படி?"

"ஏதோ அக்கறையா கேக்குது. கேட்டுட்டுப் போகட்டும், விடு."

"இதைத்தானே மாமா நான் தவமா தவமிருந்து கேட்டேன்? ஏன் சொல்லல?"

அவர் போனை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

"நான் குறை சொன்ன எந்தப் பாத்திரமும் கடைக்குப் போனதில்லம்மா. நேரா உலையில போட்டு உருக்கிடுவாங்க. வீட்டுக்குள்ள உன்னை ஆயிரம் சொல்லுவேன். உன்னைத் தேர்ந்தெடுக்கவா கழிக்கவான்னு பார்த்துட்டு உக்காந்திருக்கிறவங்ககிட்ட, என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

கூடத்தில் தான் கத்தியது நினைவுக்கு வந்து அவளுக்குக் கூசிப் போனது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, அங்க குறை சொன்னா கழிக்க மாட்டாங்க. சொன்னாத்தான் பட்டமே கொடுப்பாங்க."

"நிஜமாவா?"

"சத்தியமா."

மாமனார் தலையணையிலிருந்து இறங்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பல மாதம் அடக்கிவைத்தது, மடை திறந்துகொண்டது.

"எழுதிக்கோ. எழுத்து எறும்பு சைஸ். போட்டாச்சுன்னு அமுக்கினா, போடலைன்னு எடுத்துக்குது. மத்தியானம் கண்ணசந்தா 'மறந்துவிட்டீர்களா'ங்குது. மறக்கலைடா, தூங்கறேன். அப்புறம் அந்தச் சத்தம்…"

பட்டியல் இப்போதைக்கு முடியாது என்று தெரிந்ததும், காப்பி போட்டு எடுத்துவர அவள் எழுந்தாள். மாமனார் கை காட்டி உட்கார வைத்தார். பிறகு கூடத்தில் செய்தித்தாள் இருந்த பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"நீ எழுதும்மா. காப்பியை அவன் போடட்டும். அதுல ஒரு குறை இருந்தாலும் ரிஜெக்ட்தான்."